மலைக்கும் கடற்கரைக்கும் எந்தச் செயற்கைக் கால்?

செயற்கைக் கால் வாங்க விசாரிக்கிற வீட்டில் விலைக்கு முன்னால் ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: கால் போனது முழங்கால் முட்டுக்குக் கீழேயா, மேலேயா? சர்க்கரை நோய்ப் புண் முற்றிப் பாதத்தை எடுத்தவர்கள், விபத்தில் சிக்கியவர்கள் என்று குமரி மாவட்டத்தில் இரண்டு வகையினரும் உண்டு. முட்டு தப்பியிருந்தால் பாதி வேலையைச் சொந்தக் காலே பார்த்துக்கொள்ளும். வீடியோக்களில் வருகிற பயோனிக் (எலக்ட்ரானிக்) கால்களில் பல, முட்டும் சேர்ந்து போனவர்களுக்கானவை.

கீழே என்றால் போட்டி இரண்டுக்குள்தான். ஒன்று, 1968-இல் ஜெய்ப்பூரில் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் டாக்டர் பி.கே. சேத்தியும் உருவாக்கிய ஜெய்ப்பூர் கால். பாதம் ரப்பரும் மரமும்; மேலே தண்ணீர்க் குழாய்க்கு ஆகிற அதே எச்.டி.பி.இ. பிளாஸ்டிக். இன்னொன்று, ஷூவுக்குள் போடுகிற மாடல்: கணுக்கால் அசையாத சாதாரண சாக் (SACH) பாதம் முதல், மிதித்ததும் வில் போல எழும்பும் கார்பன் ஃபைபர் பாதம் வரை. கார்பன் பாதத்தில் நடை லேசாக இருக்கும், வேகமாகவும் போகலாம், சந்தேகமே இல்லை. ஆனால் இந்த வகைப் பாதங்களில் பலவற்றை ஷூவின் குதி உயரத்துக்கு ஏற்றபடிதான் வைத்துப் பொருத்துகிறார்கள். செருப்பைக் கழற்றி நாகராஜா கோயிலுக்குள்ளோ சொந்த வீட்டுத் திண்ணையிலோ ஏறினால் உடம்பு பின்னால் சாயும். ஜெய்ப்பூர் காலுக்கு ஷூவே வேண்டாம். குத்த வைத்து உட்காரலாம், சம்மணம் போடலாம், வயல் சேற்றில் இறங்கலாம். கனம் கொஞ்சம் கூடுதல், ரப்பர் தேயும், அவ்வளவுதான். முட்டத்திலோ குளச்சலிலோ மணலில் நின்று வலை இழுக்கிறவருக்கு நான் இதைத்தான் சொல்வேன். பேங்கில் வேலை பார்ப்பவர் என்றால் கார்பன் பாதத்தையும் போட்டுப் பார்க்கட்டும்.

பாதத்தைவிட முக்கியம் சாக்கெட். மிச்சக் கால் உட்காருகிற அந்தக் கிண்ணம் சரியில்லை என்றால் எத்தனை லட்சத்தில் வாங்கினாலும் கால் பரணுக்குத்தான் போகும். ஆபரேஷனுக்குப் பிறகு முதல் சில மாதங்களில் மிச்சக் கால் வீக்கம் வற்றிச் சிறுத்துக்கொண்டே வரும். அன்று கச்சிதமாக இருந்தது பிறகு தளர்ந்து ஆடும், உரசும், புண்ணாகும். சர்க்கரை நோயாளிக்கு உணர்ச்சி மங்கியிருந்தால் புண் வந்ததே தெரியாது. 1975-இல் தொடங்கிய பகவான் மகாவீர் விக்லாங் சகாயதா சமிதி போன்ற அமைப்புகள் ஜெய்ப்பூர் காலை இலவசமாகக் கொடுத்து வருகின்றன. முகாமில் அளவெடுத்து அன்றைக்கே மாட்டி அனுப்புவதும் உண்டு. எத்தனையோ பேரை எழுந்து நடக்க வைத்தது அந்த வேகம்தான். சங்கடமும் அங்கேதான். முகாம் போய்விடும், கால் சிறுத்துக்கொண்டிருக்கும். இலவசமோ காசு கொடுத்ததோ, மூன்று மாதம் கழித்துச் சாக்கெட்டைத் திருத்த யாரிடம் போவது என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

இனி முட்டுக்கு மேலே. இங்கேதான் விலை எகிறுகிறது. ஜெர்மனியின் ஓட்டோபாக் நிறுவனம் 1997-இல் அறிமுகப்படுத்திய சி-லெக் என்ற எலக்ட்ரானிக் முட்டு, நடையை உணர்கருவிகளால் விடாமல் அளந்து, முட்டின் ஹைட்ராலிக் இறுக்கத்தை அடிக்கு அடி மாற்றுகிறது. இறக்கத்தில்தான் இதன் அருமை தெரியும்: சரிவிலும் படியிலும் எடை விழும்போது முட்டு மெதுவாக மடிந்து கொடுக்கும், தடுக்கினால் தாங்கும். விடியும் முன் இருட்டில் பேச்சிப்பாறைச் சரிவில் ரப்பர் பால் வெட்டப் போகிறவருக்கு வேண்டியதும் அதேதான். ஆனால் பல லட்சம் ரூபாய் கொடுக்க அவரால் ஆகாது.

அடுத்தது கரண்ட். இப்போதைய சி-லெக்குக்கு ஒரு சார்ஜ் இரண்டு நாள் வரை வரும். தீர்ந்தால் பாதுகாப்புக்காக முட்டு விறைத்த நிலைக்குப் போகும். ஒக்கி புயல் வந்த 2017 நவம்பர் கடைசியில் கம்பங்கள் சாய்ந்து எத்தனை ஊர்கள் பல நாள் இருட்டில் கிடந்தன என்பது இங்கே யாருக்கும் மறக்காது. உப்புத் தண்ணீர் வேறு. அதையும் தாங்குகிற ஜீனியம் எக்ஸ்3 என்ற எலக்ட்ரானிக் முட்டு இருக்கிறது, விலை இன்னும் மேலே. ஆகவே எலக்ட்ரானிக் முட்டு வாங்குகிறவர்கள் பேட்டரி இல்லாத சாதாரணக் கால் ஒன்றையும் வீட்டில் வைத்திருக்க வேண்டும்.

நடுவில் நிற்பது சென்னை ஐ.ஐ.டி. 2022-இல் வெளியிட்ட 'கடம்'. பேட்டரி கிடையாது, சிப் கிடையாது. ஒற்றை அச்சில் மடியாமல் பல அச்சுகள் கூடி மடிகிற முட்டு. குதி தரையில் படும்போது தானாக நிலைத்து நிற்கும், காலை வீசும்போது எளிதாக மடிந்து விரல் தரையில் இடிக்காமல் பார்த்துக்கொள்ளும். 160 டிகிரி வரை மடியும் என்பது ஆட்டோவிலும் மினி பஸ்ஸிலும் ஏறி உட்காரும்போது புரியும். சரிவில் இறங்கும்போது சி-லெக் மாதிரி தாங்கிக் கொடுக்காது. இடுப்பாலும் தொடையாலும்தான் சமாளிக்க வேண்டும். பழைய பூட்டு முட்டோடு ஒப்பிட்டால் இது வேறு உலகம். அதில் விறைத்த காலை வட்டமடித்து வீசி நடக்கிறவர்களுக்குச் சாயங்காலம் இடுப்பு கழன்றுவிடும். தோட்ட வேலைக்காரருக்கு என் ஓட்டு கடமுக்கு. மாடியும் படியுமாகத் தினமும் ஏறி இறங்குகிற, கையில் காசும் உள்ள ஆசிரியருக்கு எலக்ட்ரானிக் முட்டு.

சாக்கெட்டே வேண்டாம், தொடை எலும்பிலேயே டைட்டானியம் தண்டைப் பதித்துக் காலை மாட்டலாம் என்ற வழியும் இருக்கிறது. 1990-இல் ஸ்வீடனில் தொடங்கியது. உரசல், வேர்வை, தளர்வு எல்லாம் ஒழியும். தோலைத் துளைத்து உலோகம் வெளியே வருகிற இடம் ஆயுளுக்கும் கிருமிக்குத் திறந்த வாசல். சர்க்கரை நோய் முற்றியவர்களை இதற்குப் பொதுவாக எடுப்பதில்லை. கடலில் இறங்கிப் பிழைக்கிறவருக்கு நான் சொல்லவே மாட்டேன்.

கை விஷயம் சுருக்கம். 2007-இல் வந்த ஐ-லிம்ப் போன்ற பயோனிக் கைகளில் விரலுக்கு ஒரு மோட்டார். தசையின் மின்துடிப்பைத் தோல்மேல் பிடித்து இயங்கும். தோல் வேர்த்து வழிந்தால் அந்தச் சிக்னல் குழம்பும், நம் ஊர் வேர்வையைச் சொல்லவா வேண்டும்! தோளை அசைத்தால் கம்பி இழுத்துத் திறக்கிற பழைய கொக்கிக் கை பார்க்க நன்றாக இருக்காது. ஆனால் பிடித்த பொருளின் இறுக்கம் கம்பி வழியே தோளுக்குத் தெரியும், தண்ணீர் பட்டால் கவலை இல்லை, அறுந்தால் கம்பியை மாற்றினால் போதும். வாளியைத் தூக்கவும் மண்வெட்டிப் பிடியைத் தாங்கவும் அதுதான். கல்யாண வீட்டுக்குப் பயோனிக் கையைப் போட்டுக்கொண்டு போகட்டும்.