கனகாம்பரத்துக்கு மட்டும் நிறம்: கிம்ப்போடு ஆறு வருடம்

போன வாரம் மணப்பாறையில் ஸ்டுடியோ வைத்திருக்கும் நண்பர் போன் செய்தார். மாதாமாதம் பணம் கட்டிப் பயன்படுத்தும் படத் திருத்த மென்பொருள் ஒன்றுக்குத் தள்ளுபடி வந்திருக்கிறதாம். "நீங்க இன்னும் அந்த இலவச கிம்ப்பைத்தானே வெச்சிருக்கீங்க? பழைய கறுப்பு வெள்ளைப் படத்துல ஒரு இடத்துக்கு மட்டும் கலர் போடணும்னா அது போதுமா, இல்ல நான் காசைக் கட்டிடவா?" என்று கேட்டார்.

ரெண்டு வார்த்தையில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் கேட்ட நேரம் சரியில்லை. ஒரு முந்தானைக்குப் போட்ட மூன்று மணி நேர வேலையை என் கையாலேயே பாழாக்கியிருந்தேன் என்பது முந்தின ராத்திரிதான் தெரிந்தது. அந்த எரிச்சலில் நான் பேசியதைக் கேட்டு மனுஷன் "சரி சரி, அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டார். அவருக்குச் சொல்ல வேண்டியதை இப்போது நிதானமாக எழுதிப் பார்க்கிறேன். நிதானம் கடைசி வரை நிற்குமா என்பது வேறு விஷயம்.

கிம்ப்பை 2019-இல் இறக்கினேன். அப்போது 2.10 பதிப்பு. 2025 மார்ச்சில் 3.0 வந்ததும் அதற்கு மாறினேன். லேயர், மாஸ்க், பிரஷ் எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான்: லேயர் என்பது படத்தின் மேல் விரிக்கும் கண்ணாடித் தாள் மாதிரி ஓர் அடுக்கு, மாஸ்க் என்பது அந்த அடுக்கில் எது தெரியணும், எது மறையணும் என்று சொல்லும் மறைப்பு. அதனால் நேராக அந்த முந்தானைக்கு வருகிறேன்.

ஒரு லேயருக்கு மாஸ்க் போட்டதும் லேயர் பட்டியலில் ரெண்டு குட்டிப் பெட்டிகள் பக்கத்தில் பக்கத்தில் வரும். ஒன்று நிறம், இன்னொன்று மாஸ்க். இப்போது பிரஷ் எதில் விழப்போகிறது என்பதைச் சொல்ல அதைச் சுற்றி ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு இருக்கும். அவ்வளவுதான் அறிவிப்பு. ராத்திரி பதினொரு மணிக்கு, வெள்ளெழுத்துக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் ஆளுக்கு அந்தக் கோடு தெரியுமா?

மாஸ்க்கில் வெள்ளை இருக்கும் இடத்தில் நிறம் தெரியும், கறுப்பு இருந்தால் மறையும், சாம்பல் என்றால் அரைகுறை. மாஸ்க்குக்கு நிறம் என்ற ஒன்றே தெரியாது. சிவப்பை எடுத்துக்கொண்டு லேயரில் தீட்டுவதாக நினைத்து மாஸ்க்கில் தீட்டினால், அந்தச் சிவப்பை ஒரு சாம்பலாக எடுத்துக்கொண்டு, ஏற்கெனவே போட்டிருந்த நிறத்தைத் திட்டுத் திட்டாக மங்கவைக்கும். பீரோவில் பூச்சி அரித்த பட்டுப்புடவை மாதிரி இருக்கும். ஆனால் இந்தத் தப்பு நல்ல தப்பு. உடனே தெரிந்துவிடும், உடனே பின்வாங்கலாம்.

இன்னொரு தப்புதான் கொலைகாரத் தப்பு. மாஸ்க்கில் கறுப்பு பூசுவதாக நினைத்து நிற லேயரிலேயே கறுப்பைப் பூசுவது. லேயர் 'கலர்' முறையில், அதாவது நிறத்தை மட்டும் மேலிருந்து எடுத்துக்கொள்ளும் முறையில், இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கறுப்பில் நிறம் கிடையாது. அதனால் அது பட்ட இடத்தில் கீழே இருக்கும் பழைய படத்தின் சாம்பல் அப்படியே தெரியும். மாஸ்க்கில் பூசினாலும் திரையில் வருவது இதேதான், ஒரு துளி வித்தியாசம் இல்லை. முந்தானை ஓரத்தில் வழிந்த நிறத்தை நான் மூன்று மணி நேரம் சீவிச் சீவி எடுத்தது இப்படித்தான். அழகாக வந்தது. சேமித்து, மூடி, படுத்துவிட்டேன். ரெண்டு நாள் கழித்து, ஜரிகைப் பக்கம் கொஞ்சம் அதிகமாகச் சீவிவிட்டோமே, திரும்பக் கொண்டுவரலாம் என்று மாஸ்க்கில் வெள்ளையைத் தேய்க்கிறேன், தேய்க்கிறேன், ஒன்றும் வரவில்லை. வருவதற்கு அங்கே நிறமே இல்லை. எல்லாவற்றையும் நானே அழித்திருக்கிறேன்.

நியாயமாகப் பேசினால், காசு வாங்கும் மென்பொருளிலும் இதே ரெண்டு பெட்டிதான், கிட்டத்தட்ட இதே கோடுதான். கிம்ப்பில் மாஸ்க்கை மட்டும் தனியாகக் காட்டும் வசதியும் இருக்கிறது: ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு மாஸ்க் பெட்டியைச் சொடுக்கினால் போதும், அரை மணிக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம். நான் பார்க்கவில்லை. தப்பு என் மேல்தான். ஆனாலும் ஆறு வருடமாக ஒருவனுக்கு ஒரே தப்பு நடக்கிறது என்றால் அந்தக் கோட்டைக் கொஞ்சம் தடிமனாகப் போட்டிருக்கக் கூடாதா? சரி, விடுங்கள்.

முதல் வருடத்தில் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். கறுப்பு வெள்ளைப் படம்தானே என்று ஸ்கேனரைச் சாம்பல் முறையில் வைத்து எடுத்தேன். கிம்ப்பில் திறந்து, நல்ல குங்குமச் சிவப்பாகத் தேர்ந்தெடுத்துத் தீட்டினால் சாம்பலாக விழுகிறது. பிரஷ் கெட்டுவிட்டது என்று நினைத்து மென்பொருளையே நீக்கிவிட்டு மறுபடி நிறுவினேன். படத்தின் முறையைச் சாம்பலிலிருந்து ஆர்ஜிபிக்கு, அதாவது கலர் முறைக்கு, மாற்ற வேண்டும், வேறொன்றும் இல்லை. இப்போது எந்தக் கறுப்பு வெள்ளைப் படமானாலும் கலரில்தான் ஸ்கேன் செய்கிறேன், 600 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி. 6-க்கு 8 அங்குலப் படம் 3600-க்கு 4800 பிக்சல் வரும். கண் இமை வரை பெரிதாக்கி வேலை செய்ய அது தாராளம்.

இவ்வளவு திட்டிவிட்டு, ஏன் விடவில்லை என்று கேட்டால், அந்த 'கலர்' முறைக்காகத்தான். எல்சிஹெச் கலர் என்று பட்டியலில் இருக்கும். படத்துக்கு மேலே காலியாக ஒரு லேயர், அதன் முறையை இதற்கு மாற்றிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு தீட்டினாலும் புடவையின் மடிப்பு மடிப்பாகவே இருக்கும். வெளிச்சத்தைப் பழைய படத்திலிருந்தும் நிறத்தை மட்டும் நம்மிடமிருந்தும் எடுத்துக்கொள்ளும். அந்தக் காலத்தில் ஸ்டுடியோக்களில் டச்சிங் செய்கிறவர்கள் பிரிண்டின் மேல் ஒளி ஊடுருவும் சாயத்தைப் பஞ்சாலும் மெல்லிய பிரஷாலும் ஒற்றி எடுத்ததும் இதே சூட்சுமம்தான். நிழலை வெள்ளி கொடுத்துவிடும், சாயம் மேலே படர்ந்தால் போதும்.

இன்னொரு ஆச்சரியம், ஓரங்கள். ஒளியிருட்டைப் பார்க்கும் அளவு கூர்மையாக நம் கண் நிறத்தைப் பார்ப்பதில்லை. அதனால் நிறம் ஒன்றிரண்டு பிக்சல் வெளியே வழிந்தாலும், கீழே இருக்கும் சாம்பல் ஓரம் கூர்மையாக இருந்தால் யாருக்கும் தெரியாது. ஜேபெக் படங்களில் பெரும்பாலும் நிறத் தகவலை மட்டும் நீளத்தில் பாதி, அகலத்தில் பாதி என்று குறைத்து வைப்பது இந்தத் தைரியத்தில்தான். அதற்கும் ஒரு எல்லை உண்டு. மிளகு அளவு குங்குமத்துக்கு மட்டும் நிறம் கொடுத்துவிட்டு, படத்தைச் சுருக்கி அனுப்பும் செயலியில் உறவினர்களுக்கு அனுப்பினால், பொட்டு நெற்றியெல்லாம் லேசாகக் கரைந்து போய்ச் சேரும். கோப்பாக, டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்.

அத்தையின் படத்தைச் சொல்ல வேண்டும். 1968-இல் கும்பகோணத்தில் ஒரு ஸ்டுடியோவில் எடுத்தது. மாமா நாற்காலியில், அத்தை பக்கத்தில் நின்றுகொண்டு. கல்யாணத்தை ஒட்டி எடுத்த படம் என்பதால் கூறைப்புடவை, அதனால் அரக்கு என்று முடிவு செய்து ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்து அரக்கு போட்டேன். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினேன். அத்தை கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டு, "யாருடா இது எனக்கு அரக்கு கட்டிவிட்டது? கூறை அரக்குதான். இது நலங்குக்குக் கட்டினதுடா, பாட்டில் பச்சை" என்றாள்.

அரக்கும் பாட்டில் பச்சையும் கறுப்பு வெள்ளையில் ஒரே சாம்பல். எந்த மென்பொருளாலும் அதைப் பிரித்துச் சொல்ல முடியாது. தெரிந்தது அத்தைக்கு மட்டும்தான். நிற லேயர் தனியாக இருந்ததால், அவள் முன்னாலேயே சாயலை நிற வட்டத்தில் 120 டிகிரி நகர்த்தினேன். சிவப்பு பச்சையானது. "இவ்வளவு பளிச்சுன்னு இல்ல" என்றாள். செறிவைக் குறைத்தேன். "இன்னும்." குறைத்தேன். "ஆங், நிறுத்து. இதான்." பத்து விநாடி ஆகியிருக்கும். மாமா இருந்தபோதே இதைச் செய்திருக்கலாமே என்று அவள் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

இந்த முறை கைவிடும் இடமும் உண்டு. பாட்டியின் படம் அதைவிடப் பழையது, குங்குமம் கன்னங்கரேல் என்று இருக்கிறது. பழைய ஆர்த்தோகுரோமாடிக் பிலிமுக்குச் சிவப்பு கண்ணுக்கே தெரியாது, கறுப்பாகத்தான் பதியும். கறுப்பின் மேல் கலர் முறையில் எவ்வளவு சிவப்பைக் கொட்டினாலும் குங்குமச் சிவப்பு வராது, ஏனென்றால் வெளிச்சம் கீழிருந்து வர வேண்டும், கீழே வெளிச்சம் இல்லை. பொட்டை மட்டும் வட்டமாகத் தேர்ந்தெடுத்து, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கர்வ்ஸில் கொஞ்சம் தூக்கி நடுத்தரச் சாம்பலாக்கிவிட்டு, அதற்கு மேல் சிவப்பு வைத்தால் பிடிக்கும். அதிகமாகத் தூக்கினால் ஸ்டிக்கர் பொட்டு ஆகிவிடும். பாட்டிக்கு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினால் அவள் கனவில் வந்து திட்டுவாள்.

எதற்கு நிறம் கொடுப்பது என்பதில் எனக்கு ஆறு வருடத்தில் புத்தி வந்திருக்கிறது என்று நினைக்கிறேன். கரிஸ்மா என்ற டிஜிட்டல் கல்யாண ஆல்பம் ஊரெல்லாம் பரவிய காலத்தில் கல்யாணம் செய்தவர்கள் வீட்டில் போய்ப் பாருங்கள். மணமகள் புடவை மட்டும் சிவப்பு, மற்றதெல்லாம் சாம்பல். அல்லது கையில் ஒரு ரோஜா மட்டும் சிவப்பு. கலரில் எடுத்த படத்தை வேலைமெனக்கெட்டுச் சாம்பலாக்கி, ஒன்றை மட்டும் விட்டு வைப்பது. புடவை மாதிரி பெரிய பரப்புக்கு நிறம் கொடுத்துவிட்டு முகத்தைச் சாம்பலாக விட்டால் முகத்தில் உயிர் இருக்காது, துணிக்கடைப் பொம்மைக்குப் புடவை சுற்றின மாதிரி ஆகிவிடும். நானும் ரெண்டு வருடம் அதைத்தான் செய்தேன், அத்தை படத்தையும் சேர்த்து.

பிறகு ஒரு நாள் அதே அத்தை படத்தில் புடவை லேயரை மறைத்துவிட்டு, தோளில் முன்பக்கமாக விழும் பூச்சரத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மல்லிகைக்கு நடுவில் கனகாம்பரம் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். மல்லிகை வெள்ளை, அதற்கு நான் செய்ய வேண்டியது ஒன்றும் இல்லை. கனகாம்பரம் பதமான நடுத்தரச் சாம்பல், நிறத்தை நன்றாக வாங்கும் சாம்பல். ஒவ்வொரு இதழாக ஆரஞ்சு வைத்தேன், மொத்தம் முப்பது நாற்பது தொடல். லேயரின் அடர்த்தியை 60 சதவீதத்துக்கு இறக்கினேன். தூரத்திலிருந்து பார்த்தால் கறுப்பு வெள்ளைப் படம்தான். கிட்டே வந்தால் கழுத்துக்குப் பக்கத்தில் கொஞ்சம் நெருப்பு. அத்தை வீட்டுச் சுவரில் பிரேம் போட்டு மாட்டியிருப்பது அந்தப் பிரதிதான், பச்சைப் புடவைப் பிரதி இல்லை. அவளே தேர்ந்தெடுத்தாள்.

தானாக நிறம் போடும் செயலி ஒன்றையும் நடுவில் சோதித்தேன். ஒரு சொடுக்கில் எல்லாவற்றுக்கும் நிறம் போட்டது. புடவை செம்மண் குழம்பு மாதிரி ஒரு பழுப்பு, கனகாம்பரம் அதே பழுப்பு. தெரியாத இடத்தில் எல்லா நிறத்துக்கும் நடுவாக ஒன்றைப் பூசிவிட்டுத் தப்பித்துக்கொள்கிறது. கிம்ப் 3.0-இல் பெரும்பாலான பில்டர்களை, அதாவது படத்தின் தோற்றத்தை மாற்றும் விளைவுகளை, போட்ட பிறகும் திரும்பப் போய்த் திருத்தலாம் என்று செய்திருப்பது நல்ல மாற்றம். கலர்ப் படத்தைச் சாம்பலாக்கும் வேலைக்கு அது மிச்சப்படுத்தும் நேரம் அதிகம். எனக்கு அந்த வேலையில்தான் ஆசை போய்விட்டது.

ஆக, மணப்பாறைக்காரரே, காசைக் கட்டிவிடுங்கள். இவ்வளவு புகழ்ந்துவிட்டு ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், அந்த முந்தானை இன்னும் மனதில் இருக்கிறது. உங்களுக்கு வாசலில் வாடிக்கையாளர் நிற்பார், சந்தேகம் வந்தால் பக்கத்து ஸ்டுடியோப் பையனைக் கூப்பிட்டுக் கேட்க முடியும். கிம்ப் வைத்திருக்கும் பையனை நீங்கள் தேடித்தான் பிடிக்க வேண்டும். அடுத்த மாதம் கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேனோ என்னவோ.

நான் மாறப்போவதில்லை. அத்தை இன்னும் மூன்று படம் கொடுத்திருக்கிறாள். மாஸ்க் பெட்டியைப் பார்க்க மறக்கக் கூடாது என்று மானிட்டரில் அந்தப் பெட்டி வரும் இடத்துக்கு நேராக, மனைவியின் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டி வைத்தேன். நேற்று ஏதோ ஒன்றை இழுக்கப் போய் லேயர் பட்டியல் கீழே இறங்கிவிட்டது. பொட்டு இப்போது பிரஷ் பட்டியலைக் காட்டிக்கொண்டிருக்கிறது.