கரிசலில் ஆறு மழைக்காலம்: என் டீசல் ஜீப் பற்றிய பயன்பாட்டு அனுபவம்

நான்கு சக்கர இழுவை உள்ள இந்த டர்போ டீசல் ஜீப்பை வாங்கி ஆறு ஆண்டுகள் முடிந்துவிட்டன; இதுவரை 78,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. அதில் பெரும்பகுதி மதுரை நகரத்துக்குள்ளும் நான்குவழிச் சாலையிலும் ஓடியதுதான். ஆனாலும் இந்த வண்டியின் பலம் எது, பலவீனம் எது என்று நான் உறுதியாகச் சொல்லக்கூடியவை எல்லாம் மழைக்கால மண்பாதைகளில் தெரிந்துகொண்டவை. குறிப்பாக, மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு கார்த்திகை ஞாயிற்றுக்கிழமை, நான்கு ஜீப்புகளும் ஒரு மோட்டார் சைக்கிளுமாகத் திருமங்கலத்தில் கிளம்பி, டி.கல்லுப்பட்டி, பேரையூர் வழியாகச் சாப்டூர்ப் பக்கம் வண்டிப்பாதைகளில் சென்ற அந்த ஒரு நாள், அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகள் கற்றுத்தராததைக் கற்றுத்தந்தது.

இன்ஜினைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளில் ஐந்து பேரோடும் சாமான்களோடும் ஏறும்போதுகூட இரண்டாவது கியரில் திணறியதில்லை. அந்த இழுவை உதவாத இடம் கரிசல். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும் அந்த மண்ணில் மான்ட்மொரில்லோனைட் என்ற களிக் கனிமம் இருப்பதால், நீரை உறிஞ்சி உப்பி, இரண்டு மழைக்குள் வெண்ணெய்போல வழுக்கத் தொடங்கிவிடும். வழுக்குவதோடு நில்லாமல் பட்ட இடத்தில் எல்லாம் அப்பிக்கொண்டும் வரும். சாலையில் 30 பிஎஸ்ஐ காற்று வைத்திருக்கும் டயர்களை 18-க்கு இறக்கி, வேகம் குறைந்து இழுவை கூடும் லோ கியர் வரிசையில் இரண்டாவதைப் போட்டு, ஆக்ஸிலரேட்டரை ஒரே சீராகப் பிடித்தால் என் ஜீப் அதிலும் நகர்ந்துவிடும். அவசரப்பட்டு மிதித்தால் டயர் பட்டன்களுக்கு இடையில் சேறு அடைத்து, பட்டனே இல்லாத மொட்டை டயர்போலச் சுழலும். காற்றைக் குறைத்து ஓட்டும்போது டயரின் பக்கவாட்டுச் சுவர் பிதுங்குவதால், சீமைக் கருவேல முள் அங்கே எளிதில் ஏறிவிடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். எனக்கு இரண்டு டயர்கள் அப்படித்தான் போயின.

அன்றைக்கு முதலில் நின்றது மோட்டார் சைக்கிள். முன்சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் கரிசல் இறுகி, சக்கரம் சுற்றவே மறுத்துவிட்டது. குச்சியால் குத்தி எடுத்துப் பத்து அடி நகர்த்தினால் மறுபடியும் அதே நிலை என்பதால், மட்கார்டையே கழற்றி என் வண்டியில் போட்டுக்கொண்டு புறப்பட்டோம். அடுத்து, எனக்கு முன்னால் போன நண்பரின் ஜீப் ஒரு கண்மாய்க் கரையை ஒட்டிய பள்ளத்தில் அச்சு பதிய உட்கார்ந்தது. அவர் கிளட்சைப் பாதி மிதித்தபடியே மீண்டும் மீண்டும் முயன்றதில், பிளேட் கருகும் வாசனை பின்னால் நின்ற எங்கள் வரைக்கும் வந்தது. என் வண்டியில் கயிறு கட்டி இழுத்தபோது என் சக்கரங்களும் தோண்டத் தொடங்கின. பக்கத்துத் தோட்டத்தில் இருந்த பெரியவர் ஒருவர் மழையில் நனைந்தபடியே வந்து, "தம்பி, முறுக்காதீங்க. முறுக்க முறுக்க உள்ளதான் போகும்" என்று சொல்லிவிட்டுத் தன் டிராக்டரைக் கொண்டுவந்தார். அவர் இழுத்த பிறகுதான் இரண்டு வண்டிகளும் வெளியே வந்தன.

மூன்றாவது பழுது என்னுடையது. பேரையூரைத் தாண்டியதும் வெப்பமானி முள் சிவப்புக் கோட்டை நெருங்கியது. கூலன்ட் சரியான அளவில் இருந்தது, ஃபேனும் ஓடியது. ஆனால் முன்வண்டி வாரியிறைத்த சேறு ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்கு இடையே பூசி மெழுகியதுபோல அடைத்து, காற்று புக வழியில்லாமல் செய்திருந்தது. சூட்டோடு மூடியைத் திறக்காமல் முக்கால் மணி நேரம் ஆறவிட்டு, ஃபேன் பக்கத்திலிருந்து முன்பக்கமாகத் தண்ணீரை மெதுவாக ஊற்றி ஊற்றிக் கரைத்தோம். எதிர்த்திசையில் ஊற்றினால் சேறு இன்னும் உள்ளே போய்த் தங்கிவிடும். எட்டுப் பாட்டில் தண்ணீருக்குப் பிறகு முள் இறங்கி, திரும்பும் வரை ஏறவில்லை.

உண்மையான சேதம் மறுவாரம்தான் தெரிந்தது. மலையிலிருந்து இறங்கும் ஓடையொன்றை முழங்கால் அளவுத் தண்ணீரில் நான்குமுறை கடந்திருந்தோம். இன்ஜினின் விசையைப் பின்சக்கரங்கள் இரண்டுக்கும் பிரித்துக் கொடுக்கும் பற்சக்கரப் பெட்டியான பின்பக்க டிஃபரன்ஷியலின் டிரெயின் போல்ட்டைக் கழற்றியதும், தேன் நிறத்தில் வரவேண்டிய ஆயில், மோர்போல வெளுத்து வழிந்தது. காரணம் எளிமையானது. டிஃபரன்ஷியல் கூட்டின் மேல் பிரீதர் என்ற சிறு காற்றுவழி இருக்கிறது. ஓடிச் சூடேறிய கூடு குளிர்ந்த தண்ணீரில் முங்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, அந்த வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்கிறது. கவனிக்காமல் விட்டால் பேரிங்கும் பற்சக்கரமும் துருப்பிடித்துத் தேயும். ஆயிலை மாற்றி, இருநூறு கிலோமீட்டர் ஓட்டி, மீண்டும் ஒருமுறை மாற்றினேன். பின்னர் பிரீதரில் ஒரு ரப்பர் குழாயைப் பொருத்தி, அதன் மறுமுனையை இன்ஜின் அறையின் உயரத்துக்குக் கொண்டுபோய்க் கட்டினேன். அதற்குப்பின் மூன்று மழைக்காலங்களில் ஆயில் ஒருமுறைகூட வெளுக்கவில்லை. இந்த வகை வண்டி வாங்கி ஓடைகளில் இறக்க நினைப்பவர்கள், விளக்குகளுக்கும் பம்பருக்கும் செலவிடும் முன் இந்தக் குழாயைப் போட்டுவிட வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்வேன்.

மற்றவை சிறு குறைகள். தண்ணீரைக் கடந்ததும் பின்பக்க டிரம் பிரேக் சற்று நேரம் பிடிக்காது. ஓடும்போதே லேசாக மிதித்துக் காயவைக்க வேண்டும். சேஸிஸின் உள்மடிப்புகளில் தங்கும் கரிசல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு துருவை வளர்ப்பதால், வீடு திரும்பிய அன்றே அடிப்பாகத்தைக் கழுவிவிடுகிறேன். இடதுபக்கக் கதவு ரப்பரின் ஒழுக்கு, இரண்டுமுறை மாற்றியும் நிற்கவில்லை.

காட்டு எல்லைக்குள் நாங்கள் வண்டியை விடுவதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமாக 2021-இல் அறிவிக்கப்பட்ட பகுதி அது; அதனால் ஊர்ப்பாதையோடு நின்றுவிடுகிறோம். ஊர்ப்பாதைக்கும் சொந்தக்காரர்கள் உண்டு என்பதை அந்தப் பெரியவர்தான் உணர்த்தினார். டிராக்டருக்குக் கொடுத்த பணத்தை அவர் வாங்கவில்லை. எங்கள் சக்கரங்கள் பிளந்துபோட்ட தடத்தைக் காட்டி, காலையில் பால்கேன் கட்டிய டிவிஎஸ் இதில் எப்படிப் போகும் என்று மட்டும் கேட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆறு பேர் மண்வெட்டியோடு போய், ஒரு டிராக்டர் சரளை கொட்டி அந்தப் பள்ளத்தை நிரவினோம். அந்த மண்வெட்டிகளில் ஒன்று இன்றும் என் ஜீப்பின் பின்சீட்டுக்கு அடியில் இருக்கிறது. போன ஐப்பசியில் அதே பாதையில் சென்றபோது, சரளை போட்ட இடம் மட்டும் தண்ணீர் தேங்காமல் இறுகிக் கிடந்தது.