கம்பஸா, ஏ.டி.ஐ.யா? வீட்டுக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

இலங்கையில் அரச பல்கலைக்கழகத்தில் (கம்பஸ்) உள்வாரியாக, அதாவது நேரில் வகுப்புக்குப் போய்ப் படிக்கும் பட்டப்படிப்புக்குக் கற்பித்தல் கட்டணம் இல்லை. ஏ.டி.ஐ. என்ற அரச உயர் தொழில்நுட்ப நிறுவனத்தின் முழுநேர எச்.என்.டி.க்கும் (உயர் தேசிய டிப்ளோமா) இல்லை. ஆகவே திருகோணமலைக் குடும்பமொன்றின் கையைக் கடிப்பது தங்குமிடமும் காத்திருப்பும்தான்.

உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளிப்படி, திருகோணமலையிலேயே உள்ள கிழக்குப் பல்கலைக்கழகக் கோணேசபுரி வளாகமே கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம், போகட்டும். பிள்ளை வீட்டுச் சோற்றோடு பஸ்ஸில் போய்வரலாம். தூரத்தில் உள்ள பேராதனைப் பல்கலைக்கழகமோ ருகுணையோ கிடைத்தால் கணக்கு மாறும்: அறை வாடகை, முற்பணம், மூன்று வேளைச் சாப்பாடு, லீவுக்கு வந்துபோகும் செலவு. மகாபொல உதவித்தொகை கிடைத்தாலும் எல்லாவற்றுக்கும் போதாது. முதல் தவணை கைக்கு வரவும் மாதங்கள் செல்லும். பல வீடுகளில் நகை அடகுக்குப் போவது இந்த இடைவெளியில்தான். குறைந்தது ஆறு மாதச் செலவைச் சேர்த்துக்கொண்டே அனுப்புங்கள்.

ஊரிலேயே உள்ள ஏ.டி.ஐ.யில் தகவல் தொழில்நுட்ப எச்.என்.டி. இரண்டரை ஆண்டு, பயிற்சிக்காலமும் அதற்குள் அடக்கம். சம்பளம் சீக்கிரம் வீட்டுக்கு வரும். கணக்கியல் என்றால் நான்கு ஆண்டு, பல பட்டப்படிப்புகளின் காலமேதான். அப்போது மிச்சமாவது தங்குமிடச் செலவு மட்டுமே. ஆசிரியர் வேலையைக் குறிவைக்கும் பிள்ளைக்குப் பட்டமே நல்லது. வேலைக்குப் போயே ஆகவேண்டிய பிள்ளைக்குப் பகுதிநேர எச்.என்.டி. உண்டு, ஆனால் அதற்குக் கட்டணம் கட்டவேண்டும்.