அம்மா எழுதிய நன்கொடை உறுதியும் ஆறு பரப்புக் காணியும்

அம்மாவின் ஆண்டுத் திவசத்துக்காக யாழ்ப்பாணம் போயிருந்தேன். திவசம் முடிந்த கையோடு ஒரு காணி அலுவலையும் பார்க்க வேண்டியிருந்தது. அம்மா கடைசிக் காலத்தில் ஆறு பரப்பு (பரப்பு என்பது யாழ்ப்பாணத்து நில அளவு) வீட்டுக் காணி முழுவதையும் தங்கச்சிக்கு நன்கொடை உறுதியாக, அதாவது இனாமாகக் கொடுக்கும் காணிப் பத்திரமாக, எழுதிக் கொடுத்திருந்தார். செத்தவீடு முடிந்த பிறகுதான் அது ரொறன்ரோவில் இருக்கும் எனக்கும் லண்டனில் இருக்கும் அண்ணாவுக்கும் தெரியவந்தது. அன்றிலிருந்து அண்ணா தங்கச்சியோடு கதைப்பதில்லை. இதே சிக்கலோடு ஊருக்குப் போகிறவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். அதனால் நான் கண்டதை எழுதுகிறேன்.

முதலில் காணிப் பதிவகத்துக்குப் போங்கள். வீட்டில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள், பதிவுப் புத்தகம் ஒரு கதைதான் சொல்லும். காணி உறுதி நொத்தாரிசு (உறுதி எழுதி அத்தாட்சிப்படுத்தும் சட்ட அலுவலர்) முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும் என்பது 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் முதல் உள்ள நடைமுறை. அப்படி எழுதிய உறுதியைப் பதிவகத்தில் அந்தக் காணிக்குரிய பக்கத்தில் பதிவார்கள். பழைய உறுதி ஒன்று கையில் இருந்தால் பதிவு இலக்கத்தை வைத்துச் சுலபமாகத் தேடலாம். இல்லாவிட்டால் ஊர், காணியின் பெயர், பரப்பு, நாலு பக்க எல்லைகள் எல்லாம் சொல்ல வேண்டிவரும்.

அப்பாவின் கிரய உறுதி அலுமாரிக்குள் பத்திரமாக இருந்தது. கந்தோரில் ஒரு பிள்ளை பொறுமையாக இலக்கத்தைப் பார்த்து, ஓரம் நைந்த பெரிய புத்தகம் ஒன்றைத் தூக்கிவந்து விரித்தார். மேலே, மை மங்கிய எழுத்தில், 1974 இல் அப்பா வாங்கிய பதிவு. அதற்குக் கீழே நேராக அம்மாவின் நன்கொடை உறுதி. இரண்டுக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை.

அந்த இடைவெளிதான் விஷயம் என்று பிறகு நாங்கள் பார்த்த சட்டத்தரணி விளங்கப்படுத்தினார். அப்பா கலியாணம் கட்டிய பிறகு தன் உழைப்பில் வாங்கிய காணி அது. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமைப்படி அது தேடியதேட்டம், அதாவது கலியாணத்துக்குப் பிறகு தேடிய சொத்து. 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், முதுசக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒருவர் இறந்தால் தேடியதேட்டத்தில் பாதி மற்றத் துணைக்கு, மற்றப் பாதி இறந்தவரின் உரித்தாளிகளுக்கு. அப்பா 2003 இல் மோசம் போனார். அன்றைக்கே அவருடைய பாதி பிள்ளைகளுக்கு வந்துவிட்டது. ஆகவே அம்மா எழுதியது ஆறு பரப்பு என்றாலும், அவருக்குச் சொந்தமாக இருந்தது மூன்று பரப்புத்தான். அந்த மூன்றும் சட்டப்படி தங்கச்சிக்குப் போய்விட்டது, அதில் யாரும் கை வைக்க முடியாது. மற்ற மூன்றில் அண்ணாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று, தங்கச்சிக்கு ஒன்று.

அந்த உறுதியை முடித்த நொத்தாரிசு அம்மாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்: "உங்கட அவர் எப்ப இறந்தவர், பிள்ளையள் எத்தினை பேர்?" அதைக் கேட்காமல் முழுக் காணியையும் எழுதிக் கையெழுத்து வாங்கியது எனக்குப் பெரிய மனவருத்தம். அம்மாவுக்குச் சட்டம் தெரியாது. தெரிந்தவர் கேட்டிருக்க வேண்டும்.

எங்களுக்கு ஒரு அக்காவும் இருக்கிறா. அவவை ஏன் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை என்று கேட்பீர்கள். அக்காவுக்குக் கலியாணத்தின்போது வலிகாமம் வடக்கில் அம்மா வழிக் காணி சீதனமாக எழுதப்பட்டது. சீதனம் வாங்கிப் போன மகளுக்குப் பெற்றோர் சொத்தில் பிறகு பங்கில்லை என்பது தேசவழமையின் பழைய விதி. சரி, எழுத்தில் அது நியாயமாகத்தான் தெரியும். ஆனால் 1990 இல் அந்தப் பகுதிச் சனம் முழுக்க இடம்பெயர்ந்தது, காணி இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போனது. பிறகு கட்டம் கட்டமாகக் காணிகள் விடுபட்டபோதும் அக்காவின் துண்டு விடுபடவில்லை. அவ வவுனியாவில் இன்றும் வாடகை வீட்டில்தான் இருக்கிறா. சீதனம் கொடுத்தாயிற்று என்று சொல்லி அவவை ஒதுக்கிவைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

தங்கச்சியோடு ஒரு பின்னேரம் முழுக்கக் கதைத்தேன். "நான் கேக்கேல்லை அண்ணா. அம்மாதான் ஓட்டோ பிடிச்சு என்னைக் கூட்டிக்கொண்டு போனவ. உங்களுக்குச் சொல்லட்டோ எண்டு கேட்டனான். சண்டை வரும், நான் போனாப் பிறகு சொல்லு எண்டவ." இதைச் சொல்லும்போது அம்மாவின் மருந்துக் கொப்பியை எடுத்துக் காட்டினாள். காலை, மத்தியானம், இரவு என்று கோடு போட்டு, குளிசை கொடுத்த நேரமெல்லாம் அவளுடைய கையெழுத்தில் இருந்தது. நாங்கள் காசு அனுப்பினோம், உண்மை. வீட்டுக்குக் கூரை மாற்றியது அண்ணாவின் காசு. ஆனால் அம்மாவைத் தூக்கி இருத்திச் சாப்பாடு தீத்தியது அவள்தான். அம்மா அவளுக்குக் கொடுத்தது சரி என்பதுதான் என் முடிவு. மறைத்துக் கொடுத்ததுதான் எங்களைப் பிரித்தது.

அண்ணா வழக்குப் போடப்போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். பிரிவினை வழக்கு என்றால் உரித்தாளிகள் எல்லாரையும் சேர்க்க வேண்டும், நில அளவை, ஆட்சேபம், தவணைமேல் தவணை என்று போகும். அதற்கு முன், வழக்கில்லாமல் பேசித் தீர்த்துவைக்கும் இணக்கசபைக்குப் போகலாம். வடக்குக் கிழக்கில் காணிப் பிணக்குகளுக்கென்றே விசேட இணக்கசபைகள் இருக்கின்றன. அங்கே கட்டணம் இல்லை. சட்டத்தரணிகள் வந்து வாதாடவும் இடமில்லை, நாங்களே எங்கள் கதையைச் சொல்ல வேண்டும். நான் போய் விசாரித்தபோது இருக்கச்சொல்லி ஆறுதலாகக் கேட்டார்கள். அண்ணாவும் வந்தால்தான் பேசித் தீர்க்கலாம் என்றார்கள்.

வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்தவர்களுக்குக் காணியில் பங்கே கிடையாது என்று ஒரு கதை எங்கும் உலாவுகிறது. வெளிநாட்டவருக்குக் காணி கைமாறுவதைக் கட்டுப்படுத்தும் 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம், நெருங்கிய உறவினருக்கு உரித்தாகவோ நன்கொடையாகவோ வருவதற்கு விலக்கு அளிக்கிறது. யாரும் இதைச் சொல்லிப் பயமுறுத்தினால் நம்பாதீர்கள். அதேபோல் நன்கொடை எழுதிவைத்திருக்கும் பெற்றோருக்கும் ஒன்று: மீட்கமுடியாத நன்கொடை என்று எழுதிய உறுதியைப் பிள்ளை கொடுமையாக நடத்தினால் ரத்துச் செய்ய வழியுண்டு, ஆனால் 2017 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பிறகு அதை நீதிமன்றம்தான் செய்யலாம். எழுதும்போதே சீவிய உரித்தை, அதாவது சாகும்வரை காணியை அனுபவிக்கும் உரிமையை, வைத்துக்கொண்டு எழுதுவது பாதுகாப்பு. அம்மா அதையும் வைத்திருக்கவில்லை. தங்கச்சி நல்லவள் என்பதால் ஒரு குறையும் வரவில்லை.

என் ஒரு பரப்பை நான் தங்கச்சிக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன், இந்த முறை வேறொரு நொத்தாரிசிடம். கையெழுத்து வைப்பதற்கு முதல்நாள் அண்ணாவுக்கும் அக்காவுக்கும் வரைவைப் படமெடுத்து அனுப்பி, தொலைபேசியில் வாசித்தும் காட்டினேன். அண்ணா ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் முழுவதையும் கேட்டார்.

அக்காவுக்கு வீட்டுக்குப் பின்பக்கம் ஒரு பரப்புக் கொடுக்கத் தங்கச்சிக்குச் சம்மதம். அண்ணாவின் பங்கு தீராமல் அந்தத் துண்டைப் பிரிக்க முடியாது. அவர் நேரில் வராவிட்டாலும் பரவாயில்லை, லண்டனில் உள்ள இலங்கை உயர்ஸ்தானிகராலயத்தில் அற்றோர்னித் தத்துவத்தில் (தனக்காக இன்னொருவர் செயற்பட அதிகாரம் கொடுக்கும் பத்திரத்தில்) கையெழுத்து வைத்து அனுப்பினால் போதும். அதன் மாதிரிப் படிவத்தை அவருக்கு அனுப்பியிருக்கிறேன். அண்ணாவின் பதில் வந்ததும் நில அளவையாளருக்கு நாள் சொல்வதாகப் பேச்சு.