டேஷ்போர்டில் ஏழு மாதம்: கேமரா எச்சரிக்கைக் கருவி பற்றி

இந்தக் கருவியை நானாகத் தேடி வாங்கவில்லை. ஒரே மாதத்தில் வேகக் கேமராவில் சிக்கி எனக்கு இரண்டு நோட்டீஸ் வந்ததைப் பார்த்துத் தம்பிதான் வாங்கி வந்து கொடுத்தான். இரண்டும் ஒரே சாலையில். 50 என்று பலகை வைத்திருக்கும் பகுதி. முதல் நோட்டீஸில் 61, இரண்டாவதில் 64. “அக்கா, இத மாட்டிக்கோ. கேமரா வர்றதுக்கு முன்னாடியே சொல்லிடும். இனிமே உனக்கு நோட்டீஸே வராது” என்றான்.

அவன் சொன்னபடியே ஏழு மாதமாக எதுவும் வரவில்லை. ஆனால் எதற்காக அவன் இதை வாங்கிக் கொடுத்தானோ, அந்த வசதியை மூன்றாவது வாரமே அணைத்துவிட்டேன். இதில் இருக்கும் இன்னொரு வசதிக்காகத்தான் கருவி இன்னும் டேஷ்போர்டில் இருக்கிறது. வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரிய வேண்டும். பிராண்டின் பெயரை எழுதவில்லை. இதே வேலையைச் செய்யும் கருவிகளும் போன் செயலிகளும் நிறைய இருக்கின்றன, நான் சொல்வதில் பெரும்பகுதி எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

என் ஓட்டம் எப்படிப்பட்டது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். வாரத்தில் மூன்று நாள் அம்மாவை டயாலிசிஸுக்கு அழைத்துப் போகிறேன். போக 38 கிலோமீட்டர், வர 38. நான்கு மணி நேரம் மெஷினில் இருந்துவிட்டுத் திரும்பும்போது அம்மாவுக்கு ரத்த அழுத்தம் இறங்கியிருக்கும், காலில் தசை இழுக்கும், வயிற்றைப் புரட்டும். ஊசி எடுத்த இடது கையில் கட்டுப் போட்டிருக்கும். அந்தக் கையை மடியில் ஏந்திக்கொண்டு பின் இருக்கையில் கண்ணை மூடிச் சாய்ந்து வருவாள். நோட்டீஸ் வந்த இரண்டு நாளும் போகும்போதுதான் வேகமாக ஓட்டியிருக்கிறேன். நேரத்துக்குப் போகாவிட்டால் படுக்கை கை மாறிவிடுமோ என்ற பதற்றம்.

கருவி ஒரு சோப்புக் கட்டி அளவு. கண்ணாடியில் ஒட்டும் ரப்பர் கிண்ணம், சிகரெட் லைட்டர் துளையில் செருகும் வயர், அவ்வளவுதான். பத்து நிமிடத்தில் மாட்டிவிடலாம். பலர் நினைப்பதுபோல் இது கேமராவின் அலையைப் பிடிக்கும் கருவி கிடையாது. அது ராடார் டிடெக்டர், வேறு பொருள். பல நாடுகளில் அதை வைத்திருப்பதே குற்றம். இது ஜிபிஎஸ் மூலம் நாம் எங்கே இருக்கிறோம் என்று பார்க்கிறது, தன்னிடம் இருக்கும் கேமரா பட்டியலோடு ஒப்பிடுகிறது, அருகில் ஏதாவது இருந்தால் கத்துகிறது. இதற்குத் தனியாக இன்னொரு வேலையும் உண்டு: ஓடிக்கொண்டிருக்கும் சாலையின் வேக வரம்பைத் திரையில் காட்டி, நாம் அதைத் தாண்டும்போது மெதுவாக ஒரு மணி அடிக்கும்.

முதல் வேலையைப் பற்றிச் சொல்கிறேன். கேமராவுக்கு முன்னால் மூன்று முறை ‘பீப்’ என்று அடிக்கும், பிறகு ஒரு பெண் குரல். சத்தம் நன்றாகவே கேட்கும், நிலையான கேமராக்களின் இடமும் பெரும்பாலும் சரி. வேலை செய்யவில்லை என்று நான் குறை சொல்ல முடியாது. பீப் கேட்டதும் என் கால் தானாகப் பிரேக்குக்குப் போய்விடும். வேகம் வரம்புக்குள் இருந்தாலும் போகும். சத்தத்துக்குக் கால் பழகிவிட்டது. கேமராவைத் தாண்டியதும் அதே கால் ஆக்ஸிலரேட்டருக்குத் திரும்பும். ஒரு பயணத்தில் ஐந்து கேமரா என்றால் ஐந்து அழுத்தல், ஐந்து இழுப்பு.

எனக்கு இது தெரியவேயில்லை. பின்னால் இருந்தவளுக்குத் தெரிந்தது. மூன்றாவது வாரம் ஒரு நாள் திரும்பி வரும்போது, “பாப்பா, அந்த மெஷின் கத்துனா நீ ஏன் இப்படி அமுக்குற? எனக்குக் குடலே மேல வருது” என்றாள். வண்டியை ஓரம் கட்டினேன். அம்மா வாந்தி எடுத்தாள். கட்டுப் போட்ட கையைக் கதவில் இடித்துக்கொண்டிருந்தாள், கட்டில் லேசாக ரத்தம் கசிந்திருந்தது. விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் அங்கேயே நின்றோம். அன்று இரவு கேமரா எச்சரிக்கையை அணைத்தேன்.

பிறகுதான் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். என் கால் செய்ததற்குப் பெயரே இருக்கிறது, கங்காரு விளைவு என்கிறார்கள். 2017இல் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸிலிருந்து வெளிவந்த ஓர் ஆய்வு, பிரிட்டனில் கேமரா வைத்த இடங்களைச் சுற்றி 500 மீட்டருக்குள் விபத்தும் சாவும் நன்றாகக் குறைந்ததைக் காட்டியது. அதே ஆய்வில், 1.5 கிலோமீட்டரைத் தாண்டினால் விபத்துகள் மறுபடி ஏறுவதற்கான அறிகுறியும் இருந்தது. கேமரா பயனில்லாதது என்று இதற்குப் பொருள் கிடையாது. ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2010இல் 35 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. கேமராவுக்கு அருகில் உயிர்ச்சேதமோ பலத்த காயமோ ஏற்படுத்தும் விபத்துகள் 11 முதல் 44 சதவீதம் வரை குறைந்திருந்தன. கேமரா தன் வேலையைச் செய்கிறது. அந்த வேலையைச் சில நூறு மீட்டருக்குள் சுருக்கித் தருவதுதான் இந்தக் கருவியின் முதல் வசதி.

ஜெர்மனியிலும் சுவிட்சர்லாந்திலும் வண்டி ஓட்டும்போது இப்படிக் கேமராவைக் காட்டிக்கொடுக்கும் கருவியைப் பயன்படுத்துவது சட்டவிரோதம். பிரான்ஸில் கேமராவின் சரியான இடத்தைச் சொல்லக் கூடாது, ‘ஆபத்தான பகுதி’ என்று ஒரு நீளத்தைத்தான் காட்டலாம். முன்பு படித்திருந்தால் இதெல்லாம் அதிகப்படி என்று நினைத்திருப்பேன். இப்போது பிரான்ஸின் விதிதான் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஒரு புள்ளியைச் சொன்னால் அந்தப் புள்ளியில் மட்டும் பிரேக் அடிப்போம், ஒரு நீளத்தைச் சொன்னால் அந்த நீளம் முழுவதும் நிதானமாகப் போவோம். சுவீடனில் இன்னும் நேராகச் செய்கிறார்கள். அங்கே இதன் பெயரே சாலைப் பாதுகாப்புக் கேமரா, முன்னாலேயே பலகை வைத்துச் சொல்லிவிடுகிறார்கள். ஒளித்து வைத்துப் பிடிப்பது அவர்கள் நோக்கமே இல்லை.

படிக்கும்போது கிடைத்த ஒரு செய்தியை விட மனமில்லை. சாலையோர வேகக் கேமராவுக்கு வழிபோட்டவர் மாரிஸ் காட்சோனிடிஸ் என்ற டச்சு ராலி கார் பந்தய ஓட்டுநர், 1953இல் மாண்டே கார்லோ ராலியில் வென்றவர். திருப்பங்களில் தன் வேகத்தைத் துல்லியமாக அளந்து இன்னும் வேகமாகப் போகத்தான் அவர் அந்த அளவுக் கருவியைச் செய்தார். 1958இல் அதற்காக ஒரு நிறுவனம் தொடங்கினார். வேகத்தை நேசித்த ஒருவர்கூட முதலில் தேடியது, நான் உண்மையில் எவ்வளவு வேகத்தில் போகிறேன் என்பதைத்தான். ஏழு மாதத்தில் இந்தக் கருவியில் எனக்குப் பயன்பட்டதும் அதுவே.

இனி இரண்டாவது வசதி, வேக வரம்புக் காட்டி. திரையில் இரண்டு எண்கள். இடது பக்கம் சாலையின் வரம்பு, வலது பக்கம் நம் வேகம். வரம்பைத் தாண்டினால் வலது எண் சிவப்பாகும், ஒரு மணி அடிக்கும். கத்தாது, ‘டிங்’ என்று ஒரே ஒருமுறை. கேமரா இருக்கிறதா இல்லையா என்று அது பார்ப்பதில்லை. ஆளில்லாத சாலையிலும் அடிக்கும், இரவிலும் அடிக்கும். முதல் வாரம் எண்ணினேன்: ஒரு பயணத்தில் 23 முறை. நிதானமாக ஓட்டுபவள் என்றுதான் என்னைப் பற்றி நினைத்திருந்தேன். இறக்கத்தில், அகலமான சாலையில், முன்னால் வண்டி இல்லாதபோது, என்னை அறியாமல் 50இல் இருந்து 60க்குப் போயிருக்கிறேன். இப்போது இரண்டோ மூன்றோதான் அடிக்கிறது.

ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். கருவி காட்டும் வேகமும் காரின் ஸ்பீடோமீட்டர் காட்டும் வேகமும் ஒன்றாக இருக்காது. என் காரில் முள் 54இல் நிற்கும்போது கருவி 50 காட்டும். கார் பழுது என்று பயந்துவிட்டேன். பழுதில்லை. ஐ.நா.வின் 39ஆம் எண் வாகன விதிப்படி ஸ்பீடோமீட்டர் உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது. கூட்டிக் காட்டலாம், பத்து சதவீதமும் அதற்கு மேல் மணிக்கு 4 கிலோமீட்டரும் வரை. அதனால் தயாரிப்பாளர்கள் கொஞ்சம் கூட்டியே வைக்கிறார்கள். கருவியோ செயற்கைக்கோள் சமிக்ஞையிலிருந்து கணக்கிடுகிறது, திறந்த வானத்தில் சீராக ஓடும்போது அதுதான் உண்மைக்கு நெருக்கம். இதைத் தெரிந்துகொண்ட தம்பி, “அப்போ முள்ளு 54ல வச்சு ஓட்டலாம்ல?” என்று கேட்டான். வேண்டாம். பிரேக் போடும்போதும் வேகமெடுக்கும்போதும் ஜிபிஎஸ் எண் ஒரு நொடி பின்தங்கித்தான் மாறும், சுரங்கப்பாதையில் காணாமலே போகும். அந்த நான்கு கிலோமீட்டரை நான் தொடுவதில்லை.

பள்ளியில் கணக்கு எடுத்தவள் என்பதால் என் இரண்டாவது நோட்டீஸை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆபத்தைப் பார்த்ததிலிருந்து கால் பிரேக்கை அழுத்த ஒரு விநாடி, சாலை காய்ந்திருக்கிறது, பிரேக் நன்றாகப் பிடிக்கிறது, விநாடிக்கு விநாடி 7 மீட்டர் வேகம் குறைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 50இல் போகும் கார் ஏறக்குறைய 28 மீட்டரில் நிற்கும். 64இல் போகும் கார் நிற்க 40 மீட்டர் வேண்டும். இதுவரை எல்லோரும் சொல்வதுதான். அடுத்த படியைப் போட்டபோதுதான் எனக்குக் கை நின்றது. 50இல் வந்த கார் முழுவதும் நின்றுவிட்ட அந்த 28ஆவது மீட்டரில், 64இல் வந்த கார் இன்னும் எவ்வளவு வேகத்தில் இருக்கும்? 48. முதல் ஒரு விநாடியிலேயே அது கிட்டத்தட்ட 18 மீட்டர் ஓடிவிட்டது, பிரேக் பிடிக்க மிச்சம் 10 மீட்டர்தான். அந்த இடத்தில் ஒரு குழந்தை நின்றிருந்தால் முதல் கார் தொடவே தொடாது. என் கார் 48 கிலோமீட்டர் வேகத்தில் மோதியிருக்கும்.

எவ்வளவு நேரம் மிச்சம் பிடித்தேன் என்றும் பார்த்தேன். அந்த 50 பகுதி ஐந்து கிலோமீட்டர் நீளம். முழுவதையும் 64இல் ஓட்டியிருந்தாலும் மிச்சம் 79 விநாடி. அம்மாவின் படுக்கையை 79 விநாடியில் யாரும் எடுத்துவிட மாட்டார்கள். சராசரி வேகம் ஒரு சதவீதம் ஏறினால் உயிரிழப்பு விபத்துக்கான வாய்ப்பு நான்கு சதவீதம் ஏறும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வதைப் பல இடங்களில் படித்திருக்கிறேன். என் நோட்டீஸில் இருந்த எண்ணைப் போட்டுப் பார்க்கும்வரை அது எனக்கு ஒரு வாக்கியமாகத்தான் இருந்தது.

எங்கள் வழியில் ஆறு கிலோமீட்டருக்குச் சராசரி வேகக் கேமரா இருக்கிறது. தொடக்கத்தில் ஒன்று நம்பர் பிளேட்டைப் படிக்கும், முடிவில் ஒன்று. இடையில் எடுத்துக்கொண்ட நேரத்தை வைத்துக் கணக்கு. வரம்பு 80 என்றால் நாலரை நிமிடத்துக்கு முன் நீங்கள் வெளியே வரக் கூடாது. முதல் மூன்று கிலோமீட்டரை 100இல் ஓட்டினால் மீதி மூன்றை 67இல் ஊர்ந்துதான் சரிக்கட்ட வேண்டும். யாரும் அப்படிச் செய்வதில்லை, எல்லோரும் ஒரே சீராகப் போகிறார்கள். 38 கிலோமீட்டரில் அம்மா ஆழ்ந்து தூங்குவது இந்த ஆறில்தான். இத்தாலியில் 2005லிருந்தே டூட்டர் என்ற பெயரில் விரைவுச் சாலைகளில் இந்த முறை இருக்கிறது. ஓரிடக் கேமராவைவிட இதற்கே என் ஓட்டு. இந்தப் பகுதியில் என் கருவி நம் சராசரி வேகத்தையும் திரையில் காட்டுகிறது, அது நல்ல வசதி.

குறைகள். வரம்புப் பட்டியல் பழையது. நாங்கள் போகும் வழியில் ஒரு பள்ளித் தெரு, பலகை 30 என்கிறது, கருவி 50 என்கிறது. அதை மட்டும் நம்பி ஓட்டுபவர் குழந்தைகள் நடுவே 50இல் போவார். இருமுறை எழுதித் தெரிவித்தேன், இரண்டு முறை புதுப்பித்தும் பார்த்தேன், இன்னும் 50தான். இந்த ஒரு தவறுக்காகவே முழு மதிப்பெண் தர மாட்டேன். சாலை வேலை நடக்கும் இடங்களின் தற்காலிக வரம்பும் இதற்குத் தெரியாது. மதிய வெயிலில் திரை மங்கிவிடும். ரப்பர் கிண்ணம் சூட்டில் இருமுறை கழன்று விழுந்தது, ஒருமுறை பிரேக் மிதிக்குப் பக்கத்தில். இப்போது அடியில் பசைத் தகடு ஒட்டி டேஷ்போர்டிலேயே வைத்திருக்கிறேன், நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

புதுக் கார் வாங்கப் போகிறவர்களுக்கு இது தேவைப்படாமல் போகலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் விற்கப்படும் எல்லாப் புதுக் கார்களிலும் வேக வரம்பை உணர்ந்து எச்சரிக்கும் வசதி கட்டாயம். வேறு பல நாடுகளின் புதுக் கார்களிலும் வருகிறது, அதில் காரிலேயே இருக்கும் கேமரா வேக வரம்புப் பலகையைப் படிப்பதால் பட்டியலை மட்டும் நம்பியிருக்கத் தேவையில்லை. என்னைப்போல் பழைய கார் வைத்திருப்பவர்கள் இதை வாங்கலாம். வாங்கினால் அமைப்புகளுக்குள் போய் ‘கேமரா எச்சரிக்கை’ என்பதை அணைத்துவிட்டு, ‘வேக வரம்பு எச்சரிக்கை’யை மட்டும் வையுங்கள். அதில் எத்தனை கிலோமீட்டர் தாண்டியதும் அடிக்க வேண்டும் என்று கேட்கும். கடையிலிருந்து வரும்போது 10 என்று இருந்தது. நான் 0 என்று மாற்றிவிட்டேன்.

போன வாரம் தம்பி எங்களோடு வந்தான். முன் இருக்கையில் உட்கார்ந்ததும் திரையைப் பார்த்து, “என்னக்கா, கேமராவுக்குச் சத்தமே வரல, ரிப்பேரா?” என்று கையை நீட்டினான். பின்னாலிருந்து அம்மா, “அத தொடாதடா” என்றாள்.