குட்டி ஏசி, ஏர் கூலர், போர்ட்டபிள் ஏசி: வாடகை வீட்டுக்கு எது?

பெரம்பூரில் நாங்கள் குடியிருக்கும் வீடு இரண்டாவது மாடி. அதற்கு மேல் மொட்டை மாடிதான். பகல் முழுக்க வெயிலை வாங்கிய தளம் இரவு பத்து மணிக்குப் பிறகும் சூட்டை இறக்கிக்கொண்டே இருக்கும். ஃபேன் போட்டால் அந்தச் சூடுதான் முகத்தில் அடிக்கும். அம்மாவுக்கு 71 வயது, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர். இரண்டு வருடத்துக்கு முன் அக்னி நட்சத்திரம் தொடங்கிய வாரத்தில் ஒரு இரவுகூட அவர் முழுசாகத் தூங்கவில்லை. ஸ்பிளிட் ஏசி மாட்ட வீட்டு ஓனரிடம் கேட்டோம். சுவரில் ஓட்டை போடக்கூடாது என்றார். ஜன்னல் ஏசிக்குக் கம்பியை அறுக்க வேண்டும், அதுவும் முடியாது என்றார். அப்புறம்தான் மாட்டாமல், துளை போடாமல், வைத்த இடத்தில் ஓடும் சாதனங்களைத் தேட ஆரம்பித்தேன்.

சொந்த வீடு என்றால் இந்த அலசலே வேண்டாம். இன்வெர்ட்டர் ஸ்பிளிட் வாங்கிவிடுங்கள். சத்தம் குறைவு, கரண்டும் குறைவு. நான் சொல்ல வருவது எங்களைப் போல வாடகையில் இருந்துகொண்டு ஒரே ஒரு அறையைக் குளிர வைக்க நினைக்கிறவர்களுக்கு. அதில் என் சாய்வையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: சென்னை மாதிரியான கடலோர ஊரில், ஹோஸ் வைத்த போர்ட்டபிள் ஏசிதான். மதுரைப் பக்கம் என்றால் என் பதில் மாறும்.

முதலில் வாங்கியது உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி. விளம்பரத்தில் ‘பர்சனல் ஏசி’ என்று இருந்தது. 1,500 ரூபாய்க்குக் கிட்டே. அரை லிட்டர் தண்ணீர் ஊற்றி, செல்போன் சார்ஜரில் சொருகினால் ஓடும். உள்ளே ஒரு சின்ன ஃபேன், நனைந்த ஒரு ஃபில்டர், அவ்வளவுதான். அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தேன். முகத்துக்கு நேராக, ஒரு முழம் தள்ளி வைத்தால் இதமான காற்று வந்தது. திரும்பிப் படுத்தால் ஒன்றும் இல்லை. “காத்து வருதுடா, ஆனா ரூம் அப்படியேதான் இருக்கு” என்றார் அம்மா.

அவர் சொன்னது கணக்குக்கும் சரியாக வருகிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக, சுமார் 0.67 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான வெப்பம் தேவை. அந்தப் பெட்டியில் அரை லிட்டர் ஐந்து மணி நேரம் வந்தது. அப்படியென்றால் அது காற்றிலிருந்து எடுத்த வெப்பம் 67 வாட். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரின் உடம்பே ஏறக்குறைய 100 வாட் வெப்பத்தை வெளிவிடுகிறது. அப்படி உட்கார்ந்திருக்கும் ஒருவரின் உடல் சூட்டைக்கூட அந்தப் பெட்டியால் ஈடுகட்ட முடியாது. ஒரு டன் ஏசி எடுப்பது சுமார் 3,500 வாட், இதைப் போல ஐம்பது மடங்கு. ஐஸ் கட்டி போட்டால் நன்றாகக் குளிரும் என்று பலரும் சொல்வார்கள். ஒரு கிலோ ஐஸ் உருகும்போது இழுக்கும் வெப்பத்தை ஒரு டன் ஏசி ஒன்றரை நிமிடத்தில் இழுத்துவிடும். அதோடு, அந்த ஐஸை உறைய வைக்க ஃபிரிட்ஜ் வெளியே தள்ளிய சூடு நம் சமையலறையில்தான் கிடக்கிறது.

இந்த இடத்தில்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. எந்தக் குளிர் சாதனத்தை வாங்கினாலும் முதலில் கேட்க வேண்டியது, அறையில் இருக்கும் சூடு எந்த வழியாக வெளியே போகிறது என்பதுதான். குட்டிப் பெட்டியில் அதற்கு வழியே கிடையாது. காற்றின் சூடு நீராவிக்குள் போய் ஒளிந்துகொள்கிறது, நீராவி அறைக்குள்ளேயே இருக்கிறது. கதவை மூடி வைத்திருந்தால் ஒரு மணி நேரத்தில் உடம்பு பிசுபிசுவென்று ஆகிவிடும். வியர்வை காயாது.

ஏர் கூலரும் அதே தத்துவம்தான், ஆனால் அதைக் குட்டிப் பெட்டியோடு சேர்த்து ஒதுக்கிவிடக் கூடாது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும், வாசலில் வெட்டிவேர்த் தட்டி கட்டித் தண்ணீர் தெளித்தால் வீடு குளிர்வதும் இதே வழியில்தான். மதுரையில் அக்கா வீட்டில் நாற்பது லிட்டர் கூலர் இருக்கிறது. போன மே மாதம் அங்கே பத்து நாள் தங்கியிருந்தேன். ஜன்னலைத் திறந்து, கூலரின் முதுகை ஜன்னல் பக்கம் வைத்து, எதிரே ஹால் கதவையும் திறந்து வைப்பார்கள். வெளியே 38 டிகிரி கொளுத்தும் மதியத்தில் நிம்மதியாகத் தூங்கினேன். மணிக்கு மூன்று லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் குடித்தது. அவ்வளவு தண்ணீர் ஆவியானால் எடுக்கும் வெப்பம் இரண்டு கிலோவாட்டைத் தொடும். ஃபேனும் மோட்டாரும் சேர்த்து 200 வாட் கரண்டுக்கு இது பெரிய பலன். ஈரக் காற்று எதிர்க் கதவு வழியே போய்க்கொண்டே இருப்பதால் பிசுபிசுப்பும் இல்லை.

அதே கூலர் பெரம்பூரில் ஏன் எடுபடாது? தெர்மாமீட்டரின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றிக் காற்றில் காட்டினால் ஒரு வெப்பநிலை காட்டுமே, கூலர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதற்குக் கீழே போகவே முடியாது. 38 டிகிரி வெயிலும் 30 சதவீத ஈரப்பதமும் இருந்தால் அந்த எல்லை சுமார் 24 அல்லது 25 டிகிரி. பிற்பகலில் கடற்காற்று நுழைந்த பிறகு சென்னையில் 34 டிகிரி, ஈரப்பதம் 65 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லை 28-க்கு மேலே போய்விடும். கூலர் அதில் முக்கால்வாசி தூரம் இறக்கினாலும் 30 டிகிரிக் காற்றுதான் வரும், அதுவும் நன்றாக நனைந்த காற்று. கடற்காற்று வந்தால் வெயில் தணியும், கூலரின் வேலை கெடும். இரவில் ஈரப்பதம் இன்னும் ஏறும். நமக்குத் தூங்க வேண்டிய நேரமோ அதுதான்.

கூலர் வாங்குகிறவர்கள் தொட்டியை மறக்க வேண்டாம். வாரம் ஒருமுறையாவது முழுசாக வடித்து, தேய்த்துக் காயவிட வேண்டும். டெங்கு பரப்பும் கொசு இப்படித் தேங்கிய நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும்.

இனி போர்ட்டபிள் ஏசி. சக்கரம் வைத்த, இடுப்பளவு உயரப் பெட்டி. உள்ளே கம்ப்ரெஸர், கேஸ், காயில் எல்லாம் உண்டு. பின்னால் தடித்த ஒரு ஹோஸ். அதை ஜன்னல் வழியே நீட்டினால் அறையின் சூடு வெளியே போகிறது. வழி கிடைத்துவிட்டது. ஆனால் அந்த வழியை நாம்தான் ஒழுங்காக அமைக்க வேண்டும். போர்ட்டபிள் ஏசி வாங்கி வெறுத்துப்போன இரண்டு வீடுகளுக்குப் போய்ப் பார்த்தேன். இரண்டிலும் மெஷினில் குறை இல்லை, ஜன்னலில்தான் குறை. ஒரு வீட்டில் ஜன்னலைத் திறந்து ஹோஸைச் சும்மா கம்பியில் சாய்த்து வைத்திருந்தார்கள். தள்ளிய சூடு பக்கத்து இடைவெளி வழியாகவே திரும்பி வந்துகொண்டிருந்தது.

பெட்டியோடு வரும் ஜன்னல் கிட் பக்கவாட்டில் நகரும் ஜன்னலுக்குச் செய்தது. எங்கள் வீட்டில் இருப்பதோ கதவு மாதிரி வெளியே திறக்கும் மர ஜன்னல், உள்ளே இரும்புக் கம்பி. கிட் அதில் நிற்கவே இல்லை. முதலில் தெர்மாகோலை வெட்டி அடைத்தேன். மூன்றாம் நாளே ஓரம் பொடிந்து சந்து விட்டது. பிறகு தெருமுனை ஆசாரியிடம் ஜன்னல் சட்டத்தின் அளவைக் கொடுத்து ஒரு பிளைவுட் பலகை வெட்டி, ஹோஸ் நுழையும் அளவுக்கு வட்டமும் போட்டு வாங்கினேன். கூலியோடு 650 ரூபாய். ஓரங்களில் ஃபோம் டேப் ஒட்டி, கம்பியோடு சேர்த்துக் கட்டிவிட்டேன். சுவரில் ஒரு ஆணிகூட அடிக்கவில்லை. வீட்டு ஓனர் வந்து பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகும் ஒரு தொல்லை மிச்சம் இருந்தது. ஒற்றை ஹோஸ் மெஷின் தன் காயிலைக் குளிர வைக்க அறையின் காற்றையே இழுத்து வெளியே ஊதுகிறது. போன காற்றுக்கு ஈடாக எங்கிருந்தாவது வேறு காற்று உள்ளே வந்துதான் ஆக வேண்டும். எங்கள் அறையில் ஜன்னலுக்கு மேலே பழைய வென்டிலேட்டர் ஒன்று திறந்தே இருந்தது. அதன் வழியாகத் தெருவின் அனல் உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. ஊதுவத்தியைக் கொளுத்திப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அட்டையும் டேப்பும் வைத்து வென்டிலேட்டரை அடைத்தேன். கதவின் அடிச்சந்தை மட்டும் வேண்டுமென்றே விட்டுவைத்தேன். எப்படியும் காற்று வரப்போகிறது, வெயிலில் வெந்த காற்றைவிட ஃபேன் ஓடும் ஹாலின் காற்று மேல். சமையலறைக் கதவை அந்த நேரம் சாத்திவிடுவோம். இந்த ஒரு மாற்றம் இரண்டு டிகிரிக்கு மேல் வித்தியாசம் கொடுத்தது.

இதற்காகவே, வாங்கும்போது பெட்டியில் எழுதியிருக்கும் திறனை அப்படியே நம்பக் கூடாது. அமெரிக்க எரிசக்தித் துறை போர்ட்டபிள் ஏசிக்கென்று கொண்டுவந்த சோதனை முறை, இப்படி உள்ளே நுழையும் வெளிக்காற்றையும் ஹோஸிலிருந்து கசியும் சூட்டையும் கழித்துக்கொண்டுதான் எண்ணைப் போடுகிறது. பழைய முறையில் 14,000 பிடியு (குளிர வைக்கும் திறனை அளக்கும் அலகு) என்று விற்ற ஒற்றை ஹோஸ் மெஷின், புதிய முறையில் 10,000-க்கும் கீழே இறங்குவது சாதாரணம். ஆகவே அறைக்கு முக்கால் டன் போதும் என்று தோன்றினால் ஒரு டன் வாங்குங்கள். ஹோஸை இழுத்து நீட்டாமல், வளைக்காமல், முடிந்த அளவு குட்டையாக வையுங்கள். கைவைத்தால் சுடும் அந்த ஹோஸ் அறைக்குள் ஒரு ஹீட்டர் மாதிரி. நான் அதன் மேல் வெள்ளித்தாள் ஒட்டிய ஃபோம் ஷீட்டைச் சுற்றியிருக்கிறேன்.

இவ்வளவும் செய்த பிறகு கிடைப்பது என்ன? பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. இரவு ஒன்பது மணிக்கு 34 டிகிரி காட்டும். ஏசி போட்டு ஒன்றரை மணி நேரத்தில் 28-க்கு வரும், நடு இரவில் 27. ரிமோட்டில் 24 வைத்தாலும் மே மாதத்தில் 24 ஒருநாளும் வந்ததில்லை. ஆனால் ஈரப்பதம் 70-லிருந்து 50-க்குப் பக்கத்தில் இறங்கிவிடுகிறது. அம்மாவுக்குத் தூக்கம் வந்தது இதனால்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதே 28 டிகிரி, கூலர் ஓடும் மூடிய அறையில் புழுக்கம். இங்கே ஃபேனை ஒன்றில் வைத்தாலே போர்வை கேட்கிறார்.

காற்றிலிருந்து பிழிந்த தண்ணீரில் பெரும்பகுதியை மெஷினே சூடான காயிலில் தெளித்து ஹோஸ் வழியாக வெளியே அனுப்பிவிடும். ஈரம் மிகுந்த நாளில் அது மீறிப்போய், அடித்தட்டு நிறைந்து, சிவப்பு விளக்கு எரிந்து நின்றுவிடும். அக்டோபர் மழையில் ஒருநாள் நள்ளிரவு இரண்டு மணிக்கு அப்படி நின்றது. இப்போது ஒரு சின்ன டியூபை மாட்டித் தட்டில் விட்டுவிடுகிறேன். காலையில் ஒரு சொம்பு தண்ணீர் இருக்கும்.

குறைகளும் சின்னவை இல்லை. கம்ப்ரெஸர் அறைக்குள்ளேயே இருப்பதால் சத்தம் நிஜமாகவே அதிகம். அம்மாவுக்குப் பழகிவிட்டது, எனக்கு இன்னும் பழகவில்லை. லேசான தூக்கக்காரர்கள் கடையில் ஓடவிட்டு, அரை மணி நேரம் பக்கத்தில் நின்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். 1,300 வாட் இழுக்கிறது. 16 ஆம்பியர் பவர் பிளக் இல்லாமல், எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகி ஓட்டாதீர்கள். இரவில் ஏழு மணி நேரம் ஓட்டினால் எட்டு யூனிட்டைத் தாண்டும். நம் மின்கட்டணத்தில் இரண்டு மாதக் கணக்கில் யூனிட் ஏற ஏற விகிதமும் ஏறுவதால், ஏப்ரல், மே பில் கனமாகவே வரும். குளிர்ந்த பிறகு நாலு மணிக்கு அணையும்படி டைமர் வைக்கிறோம். இரட்டை ஹோஸ் மாடலில் காற்றை இழுக்கும் தொல்லை குறையும். அதை நான் வைத்துப் பார்த்ததில்லை. என்னுடையது இரண்டு கோடை ஓடியிருக்கிறது, மாதம் இருமுறை ஃபில்டர் கழுவியதைத் தவிர வேறு செலவு இல்லை. ஐந்து வருடம் தாங்குமா என்பதை இரண்டு கோடையை வைத்துச் சொல்ல மாட்டேன்.

ஸ்பிளிட்டோடு ஒப்பிட்டால் வாடகைக்காரருக்கு இன்னொரு லாபமும் உண்டு. நண்பர் ஒருவர் வீடு மாற்றியபோது ஸ்பிளிட்டைக் கழற்ற, மாட்ட, செம்புக் குழாய் நீட்ட, கேஸ் நிரப்ப என்று ஆயிரக்கணக்கில் கொடுத்தார். எங்களுக்கு வரும் மாதம் அயனாவரத்துக்கு ஜாகை மாறுகிறது. இதை உருட்டிக்கொண்டு போய் வேனில் நிமிர்த்தி ஏற்றினால் போதும். புது வீட்டைப் பார்க்கப் போனபோது அம்மா சமையலறையைப் பார்த்தார், நான் டேப்பை எடுத்துப் படுக்கையறை ஜன்னலை அளந்தேன். நகரும் ஜன்னல்தான். பரணில் போட்டு வைத்த கிட்டைத் துடைத்து எடுத்து வைத்திருக்கிறேன்.