தக்காளிக் காய்ப்புழுவுக்கு எது: பி.டி. கரைசலா, பைரித்ராய்டா?

செயல்படும் விதம்: பைரித்ராய்டு என்ற செயற்கை வேதிப் பூச்சிக்கொல்லி, உடலில் பட்ட மாத்திரத்தில் புழுவின் நரம்பைத் தாக்கி வீழ்த்துகிறது. பி.டி. கரைசலில் உள்ள பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் (சுருக்கமாக பி.டி.) பாக்டீரியாவின் படிகப் புரதமோ, இலையோடு சேர்த்து உண்ணப்பட்ட பின்னரே காரத்தன்மையுள்ள நடுக்குடலில் கரைந்து, குடற்சுவரில் துளையிடுகிறது. சில மணி நேரத்தில் தீனியை நிறுத்தும் புழு, கறுத்துத் துவண்டு இலையில் தொங்க இரண்டு மூன்று நாள்கள் ஆகும். மறுநாளே உயிருள்ள புழுவைக் கண்டு, மருந்து பலிக்கவில்லை என்று முடிவு கட்டிவிடுவது பெரும் அவசரம்.

நீடிப்பு: வெயில் பட்டால் பி.டி. சில நாள்களில் சிதைந்துவிடும் என்பதால் மாலையில் தெளிப்பதே நல்லது. பைரித்ராய்டு கூடுதல் நாள் நிற்கும்.

பிற பூச்சிகள்: பைரித்ராய்டு, பூச்சி முட்டைகளை அழிக்கும் ஒட்டுண்ணிக் குளவிகள், பொறிவண்டுகள் ஆகிய நன்மை செய்யும் பூச்சிகளையும் சேர்த்தே கொல்கிறது, காய்ப்புழுவும் பல இடங்களில் அதற்கு எதிர்ப்புத்திறன் பெற்றுவிட்டது. பி.டி.யின் குர்ஸ்டாகி வகை, அந்துப்பூச்சி, வண்ணத்துப்பூச்சி இனப் புழுக்களை மட்டுமே தாக்குகிறது. வெள்ளை ஈக்கு அதனால் பயனில்லை.

முட்டை பொரிந்து இளம்புழுக்கள் இலையைச் சுரண்டும் கட்டத்திலும், அறுவடை நெருங்கும்போதும் பி.டி.யே பொருந்தும். வளர்ந்த புழுக்கள் வெளியில் திரளாகத் தென்பட்டு, எதிர்ப்புத்திறனும் இல்லாத இடத்தில் மட்டும் பைரித்ராய்டை ஒருமுறை நாடலாம். காய்க்குள் புகுந்துவிட்ட புழுவை இரண்டுமே எட்டுவதில்லை. துளை விழுந்த காயைப் பறித்து அழிக்கத்தான் வேண்டும்.